உங்களுக்குத் தெரியுமா? தமிழ் எழுத்தைக் காக்கும் ஒரு விருப்பம்

டெர்மினலில் மெனு, சாளரம், வண்ணம் எல்லாம் வரைந்து தரும் என்கர்சஸ் நூலகம் 1993 முதல் வெளிவருகிறது. அதன் மூலநிரலைக் கம்பைல் செய்யுமுன் ஓட்டும் ‘கான்ஃபிகர்’ ஸ்கிரிப்ட்டுக்குப் பல விருப்பங்கள் உண்டு. அவற்றுள் தமிழில் எழுதுவோருக்கு மிக முக்கியமானது ‘எனேபிள்-வைட்சி’.

யூடிஎஃப்-8 முறையில் ‘க’ என்ற ஒரே எழுத்துக்கு 3 பைட்டுகள் வேண்டும். இந்த விருப்பம் இல்லாத நூலகம் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எண்ணிவிடும். கர்சர் இடம் மாறும், வரி சிதறும். விருப்பம் இருந்தால் ‘க்’ என்பதிலுள்ள ‘க’ எழுத்தும் புள்ளியும் ஒரே கட்டத்தில் சேர்ந்து நிற்கும். ஒரு கட்டத்துக்குள் 5 குறிகள் வரை அடங்கும் என்பது உண்மையிலேயே அருமையான வடிவமைப்பு!

எழுத்தைச் சேமிக்கும் அமைப்பே மாறுவதால், இந்த விருப்பம் உள்ள, இல்லாத இரு வகை நூலகங்களில் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றை வைக்க முடியாது. அதனால்தான் விருப்பம் உள்ள வகையின் பெயர் ‘டபிள்யூ’ என்ற எழுத்தோடு முடிகிறது.

இன்னொன்று: நூலக வகை எதையும் குறிப்பிடாமல் விட்டால் ஸ்டேட்டிக் நூலகமும் பிழைதேடும் பதிப்புமே உருவாகும். பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நூலகம் வேண்டுமென்றால் ‘வித்-ஷேர்டு’ என்று கேட்க வேண்டும்.