விடு, ஓய், ஒழி: பணிநீங்கு நாள்களின் சொல்லியல்

பணியினின்று நீங்கியிருக்கும் பொழுதைக் குறிக்கத் தமிழ் மூன்று வினையடிகளை ஆள்கிறது. பற்றியிருந்தது நெகிழ்வது விடுதல். இயங்கியது அடங்குவது ஓய்தல். நிறைந்தது வெறுமையாவது ஒழிதல். விடுமுறையும் விடுப்பும் முதலடியில் கிளைத்தவை. ஓய்வு இரண்டாம் அடியில் கிளைத்தது. ‘ஓய்வு ஒழிச்சலே இல்லை’ என்று நாம் அலுத்துக்கொள்கையில் மூன்றாவதும் உடன்வருகிறது.

இச்சொற்கள் நாள்தோறும் தேவைப்படும் ஊர் விம்கோ நகர். தீப்பெட்டி நிறுவனமொன்றின் பெயர்ச்சுருக்கமே ஊர்ப்பெயராய் நிலைத்த இத்தொழிற்பகுதியில், நாளை அளப்பது கதிரவனைவிடப் பணிமுறையே. இரவுப்பணி முடித்துச் சிவந்த கண்களோடு தேநீர்க் கடையில் நிற்பவர், “நாளைக்கு எனக்கு ஆஃப்பு, நீ மட்டும் போ” என்று உடன்பணியாளரிடம் சொல்கிறார். அந்த ‘ஆஃப்பு’ நம் மொழியில் கிழமை ஓய்வு. அவ்வோய்வு நாளிலும் உழைத்து, அதற்கு மாற்றாகப் பின்னர்ப் பெறுவது ஈடுசெய் விடுப்பு. எவரிடமும் சொல்லாமல் கொள்ளாமல் தானே எடுத்துக்கொள்வதோ ‘மட்டம் போடுதல்’. எந்த ஆலையின் பதிவேட்டிலும் அப்பெயரில் அது ஏறியதில்லை.

இவற்றுள் என் நெஞ்சிற்கு நெருக்கமானது ‘ஈட்டிய விடுப்பு’. ஓராண்டில் 240 நாள் உழைத்தவர்க்கு, உழைத்த ஒவ்வோர் 20 நாளுக்கும் ஒருநாள் வீதம், அடுத்த ஆண்டில் ஊதியத்தோடு கூடிய விடுப்பை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது. ஆங்கில ‘லீவு’ என்னும் சொல்லின் பழம்பொருள் இசைவு. இசைவு பிறர் தருவது. பொருளீட்டுதற்கு உரிய வினையையே நாளுக்கும் ஏற்றியது நம் ஆட்சித்தமிழ். ஈட்டியதைக் கேட்பவர் இரப்பதில்லை.

விம்கோ நகருக்குத் தெற்கே, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் இன்னொரு வகை ஓய்வு உண்டு. ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள், மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் பொருட்டு, விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. ‘தடைக்காலம்’ என்னும் வழக்குப் படகைத் தடுப்பதை மட்டும் சுட்டுகிறது. கடல் பெறுவதைச் சுட்டவில்லை. ஆகவே அதனைக் ‘கடலோய்வு’ எனலாம். அந்நாள்களில் கரையேற்றிய படகின் அடிப்புறத்தில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவோரும், கிழிந்த வலையைக் கால்விரலில் மாட்டி இழுத்துக் கண்கண்ணாய் முடிவோருமாகத் துறைமுகம் விடியலிலேயே விழித்துக்கொள்கிறது.