காந்தத்தில் ஒட்டும் ரூபாய்

சிலி நாட்டின் 10 பேசோ நாணயத்தில் 1981 முதல் ஒரு பெண் நின்றாள். முதுகில் சிறகு, உயர்த்திய கைகளில் அறுந்த சங்கிலி, அருகில் ‘விடுதலை’ என்ற சொல், கூடவே 11-9-1973 என்ற தேதி. பினோசெட்டின் ராணுவம் மக்கள் தேர்ந்தெடுத்த அரசைக் கவிழ்த்த நாள் அது! 1990-ல் மக்களாட்சி திரும்பியதும் சிறகுப் பெண்ணை நீக்கிவிட்டு, நாட்டை ஸ்பெயினிடமிருந்து மீட்ட ஓ'ஹிக்கின்ஸின் முகத்தைப் பொறித்தார்கள். பழைய காசுகளோ அப்புறமும் கடைகளில் புழங்கிக்கொண்டுதான் இருந்தன. ஆட்சி மாறினாலும் கல்லாப்பெட்டியில் கிடக்கும் சில்லறை அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

போர்ச்சுக்கல், சர்வாதிகாரத்தை வீழ்த்திய 1974 ஏப்ரல் 25 புரட்சிக்கு வெள்ளியில் 100, 250 எஸ்குடோ நாணயங்கள் அடித்தது. மக்களாட்சி மீண்டதன் ஐம்பதாம் ஆண்டுக்கு கிரீஸ் 2024-ல் 2 யூரோ நாணயம் வெளியிட்டது. நம் நாட்டில் 1975 ஜூன் 25-ல் வந்த நெருக்கடி நிலை 1977 மார்ச் 21-ல் விலக்கப்பட்டது. அந்த மீட்சிக்கு மிக அருகில் வரும் காசு என்று நான் நினைப்பது, 2002-ல் வந்த சாதாரண ஒரு ரூபாய். நெருக்கடி நிலையை எதிர்த்துச் சிறை சென்ற ஜெயப்பிரகாஷ் நாராயண் என்ற ஜே.பி.யின் நூற்றாண்டுக்காக அவர் உருவம் பொறித்தது.

தமிழ்நாட்டின் கணக்கு கொஞ்சம் வேறு. இங்கே 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டு, 1977 ஜூன் 30-ல் எம்.ஜி.ஆர். பதவியேற்றபோதுதான் தேர்ந்தெடுத்த அரசு திரும்ப வந்தது. அந்தப் பயணம் தொடங்கிய இடம் திண்டுக்கல். எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கி ஓராண்டு ஆவதற்குள், 1973 மே மாத நாடாளுமன்ற இடைத்தேர்தலில், இரட்டை இலைச் சின்னத்தில் அவருடைய வேட்பாளர் மாயத்தேவர் இங்கேதான் ஜெயித்தார். எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கு 100 ரூபாய், 5 ரூபாய் என இரண்டு நாணயங்கள் வந்தன. ஆக ஜே.பி.யின் ரூபாய், எம்.ஜி.ஆரின் ஐந்து, எம்.ஜி.ஆரின் நூறு என்று மூன்று காசுகள். மூன்றையும் ஒரு காந்தத்தின் முன் வைத்தால் என்ன ஆகும்?

ஜே.பி.யின் ரூபாய் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். எம்.ஜி.ஆரின் காசுகள் இரண்டும் அசையாது.

ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகு. இரும்போடு சுமார் 17 சதவீதம் குரோமியம் சேர்ந்தது. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே படிகிறது. கீறல் விழுந்தால் அங்கே புதுப் படலம் தானே மூடிக்கொள்ளும். வியர்வைக் கை, மழை, உப்பு மூட்டை எல்லாம் பட்டும் காசு பளபளப்பது இதனால்தான். வீட்டில் இருக்கும் நல்ல எவர்சில்வர் டம்ளரும் எஃகுதான், அதிலும் குரோமியம் உண்டு. ஆனால் காந்தம் அதில் ஒட்டாது, ஒட்டினாலும் சும்மா தொட்டுவிட்டு நழுவும். காரணம், அதில் 8 சதவீதம் போலச் சேர்க்கப்படும் நிக்கல். அது இரும்பு அணுக்கள் அடுக்கப்படும் முறையையே மாற்றிவிடுகிறது. ஒவ்வொரு இரும்பு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். காசில் உள்ள அடுக்கில் பக்கத்து அணுக்கள் ஒரே திசையில் திரும்பி நிற்க முடிகிறது. டம்ளரின் அடுக்கில் அது நடப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், நிக்கலும் தனியாக இருந்தால் காந்தத்தில் ஒட்டும் உலோகம்தான். ஒட்டும் இரண்டு உலோகங்கள் சேர்ந்து ஒட்டாத பாத்திரமாகின்றன.

எம்.ஜி.ஆரின் ஐந்து ரூபாய்க்கு வருவோம். செம்பு 75, துத்தநாகம் 20, நிக்கல் 5 சதவீதம். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. திண்டுக்கல் பூட்டுப் பட்டறைகளுக்கு இது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமில்லை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கைவேலைப் பூட்டுகளில் இரும்புக்குப் பக்கத்தில் பித்தளையும் வேலை செய்கிறது. இரும்பின் மேல் மஞ்சள் முலாம் பூசியதை யாராவது பித்தளை என்று தலையில் கட்டப் பார்த்தால் காந்தம் காட்டிக்கொடுத்துவிடும். காசிலுள்ள நிக்கல் ஏன் காந்தத்துக்கு மசியவில்லை? செம்புக்குள் கரைந்துபோன நிக்கல் அணு செம்பின் எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு தன் காந்தத்தன்மையை இழந்துவிடுகிறது. நம் பழைய ஐந்து ரூபாயில் நிக்கல் கால்பங்கு இருந்தது, அப்போதும் ஒட்டவில்லை. ஆனால் அந்தக் கால்பங்கு இன்னொரு காரியம் செய்தது. முக்கால்பங்கு செம்பாக இருந்தும் காசு துளியும் சிவப்பாக இல்லாமல், வெள்ளி மாதிரி வெளுத்துக் கிடந்தது. செம்பு நீல, பச்சை ஒளியை விழுங்கிச் சிவப்பைத் திருப்பித் தருவதால் சிவக்கிறது. நிக்கல் அந்தச் சிவப்பிலும் ஒரு பங்கை விழுங்கி எல்லா நிறத்தையும் சமமாக்கிவிடுகிறது.

நூறு ரூபாயில் பாதி வெள்ளி, 40 சதவீதம் செம்பு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து. எடை 35 கிராம், குறுக்களவு 44 மில்லிமீட்டர், விளிம்பில் 200 பற்கள். தனி வெள்ளி மிருதுவானது, தேய்ந்துவிடும் என்பதால் செம்பு சேர்க்கிறார்கள். சேகரிப்பவர்களுக்கான காசுகளை மெருகேற்றிய அச்சில் ஒருமுறைக்கு மேல் அழுத்துவார்கள். உருக்காத உலோகமே அந்த அழுத்தத்தில் நகர்ந்து அச்சின் பள்ளங்களுக்குள் ஏறும். சமதளம் கண்ணாடியாகத் தெரிவது அப்படித்தான். நாணயச்சாலை இதைப் பெட்டியில் வைத்து முகமதிப்பைவிட அதிக விலைக்கு விற்கிறது. இதைக் கொடுத்து யாரும் பிரியாணி வாங்குவதில்லை.

ஜே.பி.யின் ரூபாய்க்கு அந்தப் பெட்டி வாழ்க்கை கிடையாது. அது பஸ் கண்டக்டர் பையிலும் டீக்கடை டப்பாவிலும் உருண்டது. 2007 வாக்கில் இந்திய எஃகுக் காசுகளை வங்கதேசத்துக்குக் கடத்திச் சவர பிளேடு செய்கிறார்கள் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. காசின் மதிப்பைவிட அதிலுள்ள எஃகுக்கு விலை கூடிப்போனால் இதுதான் நடக்கும். அந்தக் குவியலில் ஜே.பி. எத்தனை பேர் இருந்தார்களோ!