குளிரில் நோயுற்ற மலைப்பாம்பு



பசுவுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் வரும் நோய்களைப் பற்றி எழுதினால் எவரும் வியப்படையார். பாம்புக்கு நோய் கண்டது, அதற்கு வீட்டார் மருந்தும் பத்தியமும் பார்த்தனர் என்று ஒரு குருவானவர் எழுதப் புகுந்தால், "சாமியாருக்கு வேறு வேலை இல்லையா?" என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும். பாம்பைக் கண்டவுடன் தடியைத் தேடுகிற குடும்பத்தில் பிறந்தவன்தான் நானும். ஆயினும் கண்ணால் கண்டதை எழுதுகிறேன்.

2010ஆம் ஆண்டில் மேற்படிப்பின் பொருட்டு இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு தொழில் நகரத்தில் தங்கி, அங்குள்ள பங்கில் உதவி புரிந்து வந்தேன். அவ்வாண்டின் டிசம்பர், நூறாண்டுகளுக்கும் மேலாக அந்நாடு கண்டிராத கடுங்குளிர் டிசம்பராக அமைந்தது. பங்கில் ஒரு தாயும் அவருடைய பதினைந்து வயது மகனும் இருந்தனர். தாய் முதியோர் இல்லமொன்றில் இரவுப் பணி பார்த்தவர். தந்தை இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் விட்டுச் சென்றவற்றுள் ஒன்று, முன்னறையில் கண்ணாடிப் பெட்டியில் கிடந்த பன்னிரண்டு வயதுப் பாம்பு.

ஆங்கிலேயர் அதனை ராஜ மலைப்பாம்பு என்பர். அச்சம் நேர்ந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்வதால் அமெரிக்கர் பந்து மலைப்பாம்பு என்பர். மேற்கு ஆப்பிரிக்காவும் மத்திய ஆப்பிரிக்காவும் அதன் தாயகம். நான்கடி நீளம், நஞ்சில்லை, இயல்பிலே சாது. பெனின் நாட்டின் உவிதா நகரில் அமல உற்பவ அன்னையின் பேராலயத்துக்கு நேர் எதிரே இவ்வினப் பாம்புகளை மதித்துப் பேணும் கோவிலொன்று இருக்கிறது. பேராலயத்துக்குச் செல்வோர் அதையும் கண்டே செல்ல வேண்டும். நல்ல பராமரிப்பில் இப்பாம்பு இருபது, முப்பது ஆண்டுகள் வாழும். வாங்கியவர் மறைந்த பின்னும் அது வாழும் என்பதை வாங்குகிறபோது எவரும் எண்ணுவதில்லை.

(நம் நாட்டு வாசகருக்கு ஒரு சொல்: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நல்ல பாம்பையோ சாரையையோ மலைப்பாம்பையோ பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றம். இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் எவரும் வயலுக்குச் சாக்குடன் புறப்பட வேண்டாம்.)

கிறிஸ்துமஸுக்குச் சில நாட்களுக்கு முன் தாயும் மகனும் பாட்டியைக் காண இரண்டு இரவுகள் வெளியூர் சென்றனர். அவர்கள் வீட்டு மின்சாரம் முன்பணம் கட்டினால் மட்டும் ஓடும் மீட்டரில் இயங்கியது. மகன் கட்டியிருப்பான் என்று தாய் எண்ணினார். தாய் கட்டியிருப்பார் என்று மகன் எண்ணினான். முதல் இரவிலேயே பணம் தீர்ந்து, பெட்டியின் அடியிலிருந்த வெப்ப விரிப்பு அணைந்துவிட்டது. திரும்பி வந்தபோது பாம்பு கல்லைப்போல் குளிர்ந்து கிடந்தது. மீண்டும் சூடேற்றியதும் அசைந்தது. பிழைத்தது என்று இருவரும் நிம்மதி கொண்டனர்.

பத்து நாட்களுக்குப் பின் நான் அவ்வீட்டை மந்திரிக்கச் சென்றேன். பாம்பு தன் உடலின் முன்பகுதியை உயர்த்தி, மோவாயை மேல்நோக்கி நிமிர்த்தி நின்றது. "எவ்வளவு அழகாக நிற்கிறது!" என்றேன். மகன் பதில் சொல்லாமல், காதைப் பெட்டியின் அருகே வைத்துக் கேட்கும்படி எனக்குச் சைகை காட்டினான். அடைத்த மூக்கோடு உறங்கும் குழந்தையினுடையதைப் போன்ற மெல்லிய சீழ்க்கை ஒலி கேட்டது. வாயோரத்தில் சிறு நுரைக்குமிழிகள். படுத்த நிலையில் மூச்சு விட இயலாத பாம்புதான் அவ்வாறு தலையை நிமிர்த்தும் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

நமக்குச் சளி பிடித்தால் இருமுகிறோம். அதற்கு உதரவிதானம் என்னும் தசைத்தகடு துணை செய்கிறது. பாம்புக்கு அத்தசை இல்லை. நம்மைப்போல் இருமிச் சளியை வெளியேற்ற இயலாது. நுரையீரலில் சேர்ந்த சளி அங்கேயே தேங்கிச் சீழாக முடியும். பாம்பின் உடல் தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதுமில்லை. பெட்டியின் ஒரு பக்கம் ஏறத்தாழ 32 டிகிரி செல்சியசும் மறுபக்கம் 26 டிகிரியும் இருந்தால், வேண்டிய இடத்தில் வேண்டிய நேரம் கிடந்து உடல் வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளும். வெப்பம் குறைந்தால் உணவு செரியாது. நோயை எதிர்க்கும் ஆற்றலும் அடங்கிவிடும். நலமாயிருக்கும்போது வாயில் அடங்கிக் கிடக்கும் கிருமிகளே அப்போது நுரையீரலுக்குள் இறங்கிப் பெருகும். பாம்பு முனகாது, அழாது, முகக்குறியும் காட்டாது. மாதக்கணக்கில் உண்ணாமலிருப்பது இவ்வினத்தின் இயல்பாதலால், உணவை மறுப்பதைக் கொண்டும் நோயை அறிய முடியாது. நோய் நம் கண்ணுக்குப் புலனாகும்போது அது முற்றியிருக்கும்.

அன்று அவ்வீட்டில் நான் கேட்டது பாம்பின் மூச்சொலியை மட்டுமன்று. "அப்பாவின் பாம்பைக் கொன்றுவிட்டீர்கள்" என்று மகன் தாயிடம் சொன்னான். தாய் ஒன்றும் சொல்லாமல் கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

எல்லாக் கால்நடை மருத்துவரும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை. பதினெட்டு மைல் தொலைவில் ஒருவர் இருந்தார். பாம்பைத் தலையணை உறையிலிட்டு, வாயைக் கட்டி, தெர்மோகோல் பெட்டிக்குள் துணி சுற்றிய வெந்நீர்ப் பையோடு வைத்துப் பங்கின் பழைய காரில் கொண்டு சென்றோம். மகன் பெட்டியை மடியில் வைத்திருந்தான். தாய் பின்னிருக்கையில் அமர்ந்தார். வழியெல்லாம் இருவரும் என்னோடு பேசினார்களேயன்றித் தமக்குள் பேசவில்லை.

மருத்துவர் மெல்லிய குழாயினால் மூச்சுக்குழலைக் கழுவி எடுத்த நீரைச் சோதனைக்கு அனுப்பினார். (அந்நாளில் கிருமியைத்தான் தேடினார்கள். இவ்வினப் பாம்புகளின் நுரையீரலைத் தாக்கும் ஒருவகை வைரஸை அறிவியலார் 2014இல்தான் விவரித்தனர். அதை ஒழிக்கும் மருந்து இல்லை. ஆகையால் இன்று அதற்கும் சோதிப்பார்கள்.) மருத்துவமனைகளில் மனிதருக்கும் கொடுக்கப்படும் செஃப்டாசிடைம் என்னும் ஊசி மருந்தை அவர் எழுதினார். மனிதருக்கு ஒரே நாளில் பலமுறை போடும் அம்மருந்து, பாம்பின் உடலிலிருந்து மெல்ல மெல்லவே நீங்குவதால், மூன்று நாட்களுக்கு ஒருமுறை போதும். அளவெடுத்து நிரப்பிய ஒன்பது சிறு சிரிஞ்சுகளைக் கொடுத்து, உறைபெட்டியில் வைத்துப் போடும் நேரத்தில் எடுத்துக் கையின் சூட்டில் இளக வைக்கச் சொன்னார்.

பின்பு அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: "குளிர்ந்த பாம்புக்குப் போடும் ஊசி வீண். முதல் மருந்து வெப்பம், இரண்டாவது மருந்துதான் இது." பெட்டியின் எப்பகுதியும் இரவிலும் 28 டிகிரிக்குக் கீழே இறங்கலாகாது. தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். படுக்கைத்தாளை நாள்தோறும் மாற்ற வேண்டும். நோய் தீருமுன் உணவைத் திணித்தல் ஆகாது. செரிக்காத எலி வயிற்றில் அழுகி, உள்ள உயிரையும் வாங்கிவிடும். பாம்பின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடுமாதலால் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். அதன் பாத்திரங்களைச் சமையல் தொட்டியில் கழுவவே கூடாது.

இத்தனையும் இரவுபகல் மின்சாரம் ஓடினால்தான் நடக்கும். அக்குளிர்காலத்தில் அத்தாய் மாதத்தில் இரண்டு இரவுகள் அதிகமாக வேலை செய்தார். மருத்துவருக்குக் கொடுத்த தொகையைப் பற்றிக் கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டார். ஒரு பாம்புக்காகவா இவ்வளவு செலவு என்று பங்கில் சிலர் என்னிடமே கேட்டனர். நியாயமான கேள்விதான். என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை.

ஊசி போடுவது இருவர் வேலை. தலையையும் கழுத்தையும் ஒருவர் நெருக்காமல் பிடிக்க வேண்டும். மற்றவர் முதுகெலும்பின் பக்கத்துத் தசையில், செதில்களின் இடுக்கில் ஊசியைச் செலுத்த வேண்டும். அதுவும் உடலின் முன்பாதியில். பின்பாதியில் போட்டால் மருந்து உடலெங்கும் பரவுமுன் சிறுநீரகத்தின் வழியாக வெளியேறக்கூடும் என்பதால் இவ்வழக்கம். மகனுக்கு ஊசியைக் கண்டால் கை நடுங்கியது. தாயோ முதியோர் இல்லத்தில் ஊசிகளைக் கண்டு பழகியவர்; பாம்பைத்தான் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒருமுறையும் தொட்டதில்லை. முதல் ஊசியன்று நானும் சென்றிருந்தேன் (அறையின் மறுகோடியில் நின்றேன் என்பதை ஒளிப்பானேன்?). தாய் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். தொட்டபின் கண்ணைத் திறந்து, "ஈரமாக இருக்கும் என்று நினைத்தேனே!" என்றார். "எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். அப்பா சொல்வார்" என்றான் மகன். டிசம்பருக்குப் பின் அவர்கள் சண்டையின்றிப் பேசியதை நான் கேட்டது அப்போதுதான்.

மூன்றாம் ஊசிவரை ஒரு மாற்றமுமில்லை. நான்காம் ஊசிக்குப் பின் நுரை நின்றது. ஏழாம் ஊசியின்போது பாம்பு கையை உதறித் திமிறியது. பிடிப்பதற்குக் கடினமாயிருக்கிறது என்று மகன் மகிழ்ந்து எனக்குத் தொலைபேசியில் சொன்னான். ஒன்பதும் முடிந்து மூன்று வாரங்கள் கழித்து அது சட்டை உரித்தது. கண்ணின் மேலுள்ள மெல்லிய செதில்கள் உட்பட ஒரே உறையாகக் கழன்றிருந்தது. ஈரப்பதம் குறைந்தாலோ உடல் தளர்ந்தாலோ சட்டை துண்டு துண்டாகப் பிய்ந்து, கண்செதில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும்.

உண்ணத்தான் இல்லை. தந்தை தொடங்கி வைத்த ஒரு நோட்டுப் புத்தகம் அவ்வீட்டில் இருந்தது. உணவிட்ட நாள், சட்டை உரித்த நாள், சமையல் தராசில் நிறுத்த எடை ஆகியவற்றை அவர் வரிசையாக எழுதியிருந்தார். அவருக்குப் பின் மகன் எழுதினான். நவம்பரில் 1,420 கிராம் இருந்த பாம்பு பிப்ரவரி முடிவில் 1,260 கிராமுக்கு இறங்கியிருந்தது. வாரந்தோறும் உறைய வைத்த எலியை இளகச் செய்து, வெதுவெதுப்பாக்கி, நீண்ட இடுக்கியில் பிடித்துக் காட்டுவான். பாம்பு நாவை நீட்டி முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

தவக்காலத்தின் நடுவில் ஒரு மாலை நான் அவ்வழியே சென்றபோது மகன் பள்ளியிலிருந்து இன்னும் திரும்பவில்லை. தாய் பணிக்குப் புறப்பட்டுச் சென்றிருந்தார். அண்டை வீட்டுக்காரர் சாவி கொடுத்துத் திறந்துவிட்டார். பாம்பு தன் மறைவிடத்துக்குள் கிடந்தது. உடலின் நடுவே ஒரு புடைப்புத் தெரிந்தது. மேசைமேல் நோட்டு விரித்திருந்தது. அன்றைய தேதிக்கு நேரே, அதுவரை அந்நோட்டில் நான் கண்டிராத கையெழுத்தில் இவ்வாறு எழுதியிருந்தது: "எடை 1,240. சிறிய எலி ஒன்று. இரண்டு நிமிடத்தில் விழுங்கியது."