வீணை குப்பையர்

வீணை குப்பையர் (1798–1860) திருவொற்றியூரைச் சேர்ந்த வீணைக் கலைஞர், பாடகர், வாக்கேயக்காரர். தியாகராஜரின் நேரடிச் சீடர். வீணையிலும் வாய்ப்பாட்டிலும் ஒருங்கே சிறந்து விளங்கிய இவர் 'கான சக்கரவர்த்தி' எனப் போற்றப்பட்டார். 'கோபாலதாச' என்பது இவரது முத்திரை.

ஐரோப்பாவில் பியானோ மேதைகள் சோப்பின் (1810–1849), லிஸ்ட் (1811–1886) ஆகியோர் புகழ்பெற்றிருந்த காலமும் இவர் காலமும் ஒன்றே. அவர்கள் எட்யூட் எனப்படும் விரற்பயிற்சிப் பாடத்தை மேடை இசையாக உயர்த்தினர். கருநாடக இசையில் வர்ணம் இவ்விரு பணிகளையும் செய்கிறது. மாணவர் அதை இரு காலங்களில் பாடிப் பழகுகிறார். வித்துவான் அதைக் கொண்டே கச்சேரியைத் தொடங்குகிறார். ராகத்தின் முக்கியப் பிடிகள் அனைத்தும் அதில் அடங்கியிருக்கும். பேகடையில் 'இந்த சால', நாராயணகௌளையில் 'மகுவ நின்னே' ஆகியவை குப்பையரின் புகழ்பெற்ற வர்ணங்கள். காளஹஸ்தீச பஞ்சரத்தினம் முதலிய கீர்த்தனைகளையும் இயற்றினார்.

ஒலிப்பதிவு இல்லாத காலமாதலால் இவரது வீணை வாசிப்பை இன்று கேட்க வழியில்லை. ஆயினும் இவர் மகனும் இசைப்புலவருமான திருவொற்றியூர் தியாகையர் 'பல்லவி ஸ்வரகல்பவல்லி' என்னும் நூலில் தந்தையின் உருப்படிகளைச் சுரக்குறிப்புடன் அச்சிட்டார். அந்நூலாலும் சீடர் பரம்பரையாலும் இவரது வர்ணங்கள் இன்றும் பாடப்படுகின்றன.