தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தை: தாய்ப்பாலை எடுத்துக் கொடுப்பது எப்படி?

குறைமாதத்தில் பிறந்த குழந்தையைப் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கும்போது, குடும்பத்தார் எங்களிடம் முதலில் கேட்பது மூச்சைப் பற்றி. அடுத்து எடையைப் பற்றி. பாலைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்பவர்களும் எந்த மாவுப்பால் டப்பா வாங்கிவர வேண்டும் என்றே கேட்கின்றனர். அந்த நேரத்தில் பிரசவ வார்டில் படுத்திருக்கும் தாயிடம் குழந்தைக்குத் தேவையான பால் ஊறத் தொடங்கியிருக்கும். அதை எடுப்பதற்குச் சொல்லித்தர ஆள் இல்லாமல் முதல் இரண்டு நாட்கள் வீணாகிவிடுகின்றன.

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது ஆகிய மூன்றையும் இணைத்துச் செய்யும் திறன் குழந்தைக்கு ஏறத்தாழ 34 வாரக் கர்ப்பக் காலத்தில்தான் கைகூடுகிறது. அதற்கு முன் பிறந்த குழந்தைக்கு மெல்லிய குழாய் மூலம் வயிற்றுக்கே பால் செலுத்துகிறோம். சற்று முதிர்ந்தபின் பாலாடையால் புகட்டுகிறோம். எவ்வழியில் கொடுத்தாலும் பால் தாயுடையதாக இருப்பதே நல்லது. குறைமாதக் குழந்தைகளின் குடல் அழற்சியுற்று அழுகும் கொடிய நோய் ஒன்று உண்டு. மாவுப்பால் குடிக்கும் குழந்தைகளைவிடத் தாய்ப்பால் பெறும் குழந்தைகளுக்கு அந்நோய் குறைவாகவே வருகிறது. எனவே எங்கள் பிரிவில் தாய்ப்பாலை உணவாக மட்டுமன்றி மருந்தாகவும் கருதுகிறோம்.

அளவைப் பற்றிய அச்சத்தை முதலில் நீக்க விரும்புகிறோம். திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு தாய், பிரசவமான மறுநாள் வெகுநேரம் முயன்று ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான சீம்பாலையே எடுத்தார். உடனிருந்த மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "இத எப்படிம்மா குடுக்கிறது? கீழ ஊத்திரவா?" என்று கேட்டார். தேக்கரண்டி என்பது 5 மில்லி. ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு அன்று நாங்கள் கொடுக்கத் தொடங்குவது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 1 மில்லி. அவர் கொட்ட நினைத்தது பேரக்குழந்தையின் பலவேளை உணவு. குழாய்வழி கொடுக்க இயலாத நிலையிலும், இரண்டு துளிச் சீம்பாலைக் குழந்தையின் உள்கன்னத்தில் தடவுவதுண்டு. ஆகவே புட்டியின் அடி நனையும் அளவே கிடைத்தாலும் எங்களிடம் கொண்டுவாருங்கள்.

பால் எப்போது எடுக்கத் தொடங்க வேண்டும்? இயன்றால் பிரசவமான ஒரு மணி நேரத்துக்குள். அறுவைச் சிகிச்சையானால் தாய் கண் விழித்துத் தெளிந்தவுடன். ஆறு மணி நேரத்தைத் தாண்ட விடவேண்டாம். நஞ்சுக்கொடி வெளியேறியபின் உடலின் இயல்பால் தானாகவே பால் சுரக்கத் தொடங்கும். மூன்றாம் நான்காம் நாளில் மார்பு கனப்பது அதனால்தான். அதற்குப்பின் கணக்கு மாறிவிடுகிறது: எவ்வளவு வெளியேறுகிறதோ அவ்வளவே ஊறும். மார்பில் பால் தேங்கி நின்றால் சுரப்பைக் குறைக்கும்படி உடல் தனக்கே கட்டளையிட்டுக்கொள்ளும். கரிசல்காட்டுக் கிணறுகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இறைத்த கிணறுதான் ஊறும். 'கறந்தால் வற்றிவிடும்' என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பது இதற்கு நேர்மாறானது.

ஒரு நாளைக்கு எட்டு முறையேனும் எடுக்க வேண்டும். அதில் ஒன்று நள்ளிரவுக்குப் பின் இருத்தல் அவசியம். பால் சுரக்கத் தூண்டும் ஹார்மோன் இரவில்தான் மிகுந்திருக்கும். இரண்டு வார முடிவில் நாளொன்றுக்கு 500 மில்லியைத் தாண்டினால், குழந்தை வளர்ந்து மார்பில் குடிக்கும் காலத்துக்கும் பால் போதும் என நம்பலாம். முதல் பத்து நாட்களைத் தவறவிட்டுவிட்டு அதன்பின் மீட்பது கடினம். முடியாது என்று சொல்லவில்லை, உழைப்பு பன்மடங்காகும்.

முதல் இரண்டு மூன்று நாட்களுக்குக் கையே சிறந்த கருவி. சீம்பால் பிசுபிசுப்பானது, பம்பில் இழுத்தால் புனலிலும் குழாயிலும் ஒட்டிக்கொண்டு வீணாகும். சோப்பால் கைகளைக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்த அகன்ற வாய்க் கிண்ணத்தை மடியில் வையுங்கள். மார்பை மெதுவாக நீவிவிட்டபின், கருவளையத்தின் மேல் கட்டைவிரலையும் கீழ் ஆள்காட்டி விரலையும் வைத்து, முதலில் நெஞ்செலும்பை நோக்கிப் பின்னால் அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி அமுக்கி விடவேண்டும். விரல் தோலில் வழுக்கி உராயக்கூடாது; காம்பைப் பிடித்து இழுக்கவும் கூடாது. ஒரு பக்கம் ஐந்து நிமிடம், மறுபக்கம் ஐந்து நிமிடம் என மாற்றி மாற்றி, மொத்தம் 20 முதல் 30 நிமிடம் ஆகும். முதல் ஓரிரு நிமிடங்கள் எதுவும் வராதது வழக்கம்தான்.

பால் பெருகத் தொடங்கியதும் பம்ப் பெரிதும் கைகொடுக்கும். இக்கருவியின் வரலாற்றில் ஒரு சுவையான செய்தி: 1854-லேயே அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெறப்பட்டிருந்தாலும், மருத்துவமனைப் பயன்பாட்டுக்கான மின்பம்பை 1920-களில் வடிவமைத்தவர்களுள் ஒருவர் எட்வர்டு லாஸ்கர் என்னும் பொறியாளர், அவரே புகழ்பெற்ற சதுரங்க வீரரும் ஆவார். இன்றைய பம்புகள் அன்றையவற்றைவிட மென்மையானவை. எனினும் தாய்மார்கள் ஒரு தவறைத் திரும்பத் திரும்பச் செய்கின்றனர். விசையைக் கூட்டினால் பால் கூடும் என்று எண்ணி அதிக விசையில் வைத்துவிடுகின்றனர். அதனால் காம்பு புண்ணாகும். வலியால் பால் இறங்குவதும் தடைபடும். வலிக்காத அளவே சரியான அளவு. புனலுக்குள் காம்பு உராயாமல் தாராளமாக அசையவேண்டும். உராய்ந்தால் புனலின் அளவை மாற்றித் தருமாறு செவிலியரிடம் கேளுங்கள். பம்ப் ஓடும்போதே மறுகையால் மார்பை நீவிவிட்டால் கூடுதலாகப் பால் வரும். மருந்துக்கடைகளில் மலிவாகக் கிடைக்கும், ரப்பர் குமிழ் பொருத்திய பம்பைத் தயவுசெய்து வாங்கவேண்டாம். குமிழுக்குள் புகும் பாலை எவ்வளவு கழுவினாலும் அகற்ற முடியாது, கிருமி தங்கிவிடும். மருத்துவமனையின் மின்பம்பைப் பலர் பயன்படுத்தினாலும், புனல், குழாய், புட்டி ஆகியவை ஒவ்வொரு தாய்க்கும் தனித்தனியே இருக்கவேண்டும்.

கழுவுவதைப் பற்றி நம் பகுதிக்கே உரிய ஒரு குறிப்பு. ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரில் கொதிக்கவைத்தால் பாகங்களின் மேல் வெண்ணிறப் படிவு ஏறுகிறது. வால்வு என்னும் சிறு ரப்பர் துண்டு சரியாக மூடாமல் போகிறது. உறிஞ்சும் விசை குறைந்ததும் 'பால் வற்றிவிட்டது' என்று அழுதுகொண்டே வந்த தாய்மார் உண்டு. வற்றியது பால் அன்று, பழுதானது வால்வு. கூட்டுக் குடிநீரையோ வடிகட்டிய நீரையோ பயன்படுத்துங்கள். முதலில் குளிர்நீரில் அலசி, சோப்பால் தேய்த்து, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள்.

எடுத்த பாலை அறை வெப்பத்தில் நான்கு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். இந்தக் கணக்கு 25 டிகிரிக்கு உரியது. சித்திரையில் ஓட்டுவீட்டிலும் தகரக் கொட்டகையிலும் இருக்கும் வெக்கையில் நான்கு மணி நேரத்தை நம்பவேண்டாம். உடனே குளிர்ச்சிக்குக் கொண்டுசெல்லுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் உட்புறத்தில் வைத்த பாலைச் சிகிச்சையிலுள்ள குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துகிறோம். கதவுத் தட்டில் வைக்காதீர்கள். மண்பானை நீரில் வைத்துக் கொண்டுவரலாமா என்று ரெட்டியபட்டியிலிருந்து வந்த ஒரு தந்தை கேட்டார். நல்ல யோசனைதான், ஆனால் பானைக் குளிர்ச்சி எங்கள் குழந்தைகளுக்குப் போதாது. ஐஸ் கட்டிகளுடன் மூடிய பெட்டியில் கொண்டுவாருங்கள். புட்டியின் மேல் தாயின் பெயர், நாள், நேரம் எழுதப்பட்டிருக்க வேண்டும். குளிர்ந்த பாலை அடுப்பில் காய்ச்சவோ மைக்ரோவேவில் வைக்கவோ கூடாது. வெதுவெதுப்பான நீருள்ள கிண்ணத்தில் புட்டியை நிறுத்தினால் போதும். பால் மேலும் கீழுமாகப் பிரிந்து நிற்பது கெட்டுப்போனதன் அறிகுறி ஆகாது. மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும்.

தாயின் உணவைப் பற்றி வீட்டில் பலரும் பேசுவர். பூண்டும் பால்சுறாவும் கம்பங்கூழும் தாராளமாகக் கொடுங்கள், எங்களுக்கு மறுப்பில்லை. 'பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது' என்று நீரை அளந்து கொடுப்பதைத்தான் நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். இந்த வெயிலில் அது தாயை வாட்டிச் சோர்வடையச் செய்யும். தாகத்துக்கு வேண்டிய அளவு நீர் குடிக்கட்டும். தாயை அழவைக்கும் பேச்சுகளையும் தவிர்க்க வேண்டுகிறோம். பாலை இறக்கிவிடும் ஹார்மோன் மனக்கலக்கத்தில் தடைபடும். குழந்தையின் அருகில் அமர்ந்தோ, அதன் துணியை முகர்ந்துகொண்டோ, கைப்பேசியில் அதன் படத்தைப் பார்த்துக்கொண்டோ எடுத்தால் பால் எளிதாக வருவதைப் பலரும் உணர்ந்திருக்கின்றனர்.

மார்பின் ஒரு பகுதி சிவந்து, கெட்டியாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே எங்களிடம் காட்டுங்கள். அதற்காகப் பால் எடுப்பதை நிறுத்தவேண்டாம். தாய் ஏதேனும் மருந்து உட்கொண்டால் எங்களிடம் கேட்டபின் முடிவெடுங்கள். பெரும்பாலான மருந்துகளுக்குத் தடை இல்லை.

எவ்வளவு முயன்றும் பால் போதாத தாய்மார்களும் உள்ளனர். அது அவர்கள் குற்றமன்று. பக்கத்துக் கட்டில் தாயிடம் பால் வாங்கிக் கொடுப்பதை மட்டும் நாங்கள் அனுமதிப்பதில்லை. பால்வழி பரவும் நோய்கள் உண்டு. தாய்ப்பால் வங்கியில் கொடையாளரைப் பரிசோதித்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிக் கிருமி நீக்குகின்றனர். இத்தகைய வங்கி இந்தியாவில் முதன்முதலாக மும்பை சயான் மருத்துவமனையில் 1989-இல் தொடங்கப்பட்டது. நமக்கு அருகில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இவ்வசதி உண்டு.

சில நேரங்களில் குழந்தையை மட்டும் 108 வண்டியில் மதுரைக்கோ, 2022-இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்ப நேரிடும். தாய் இங்கேயே இருப்பார். பிரிந்திருக்கும் அந்த நாட்களில்தான் பால் அதிகம் வற்றிப்போகிறது. வண்டி புறப்படும் முன்பே முதல் முறை பால் எடுத்து, குழந்தையுடன் கொடுத்தனுப்ப முயல்கிறோம். அடுத்த நாள் தந்தையோ மாமாவோ போகும்போது ஐஸ் பெட்டியில் மீதியைக் கொண்டுசெல்லலாம். பயணத்தில் தாயும் உடன் சென்றால், 2015 முதல் தமிழகப் பேருந்து நிலையங்களில் ஏற்படுத்தப்பட்டுள்ள தாய்மார் பாலூட்டும் அறைகளில் அமர்ந்து பால் எடுக்கலாம். குழந்தை கையில் இல்லையே என்று தயங்கவேண்டாம்.

எங்கள் பிரிவில் பால் பெறுவதற்கு நேர வரையறை இல்லை. இரவு 2 மணிக்குக் கொண்டுவந்தாலும் வாசலில் உள்ள அழைப்பு மணியை அழுத்துங்கள். செவிலியர் வந்து வாங்கிக்கொள்வார்.