விஸ்கியும் சாக்லேட்டும்: சுவை இணைப்பு

விஸ்கி–சாக்லேட் சுவை இணைப்பு என்பது இவ்விரண்டையும் அடுத்தடுத்துச் சுவைத்து, ஒன்றின் மணம் மற்றொன்றால் எவ்வாறு மாறுகிறது என்று அறியும் முறையாகும். மேலைநாட்டு விருந்துகளில் பரவிய இவ்வழக்கம் இப்போது இந்திய நகரங்களிலும் காணப்படுகிறது. இதன் பின்னுள்ள வேதியியல் மது அருந்தாதவர்களும் அறியத்தக்கது.

இரண்டுக்கும் பொதுவானவை

பார்லியை முளைகட்டி, உலர்த்தி, நொதிக்க வைத்து, காய்ச்சி வடித்து, ஓக் மரப் பீப்பாயில் முதிரவிட்டால் மால்ட் விஸ்கி கிடைக்கும். ஸ்காட்லாந்தில் குறைந்தது 3 ஆண்டுகள் முதிர வேண்டும் என்பது சட்டம்.

பொள்ளாச்சிப் பகுதித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளையும் கொக்கோவும் இதே போன்ற படிகளைக் கடக்கிறது. காயின் வெண்ணிறச் சதையோடு விதைகளைக் குவித்து 5 முதல் 7 நாட்கள் நொதிக்க விடுவர். பிறகு உலர்த்தி வறுப்பர். நொதிக்காத விதையை எவ்வளவு வறுத்தாலும் சாக்லேட் மணம் வராது.

வெப்பத்தில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் தருகின்றன. இது மெயிலார்ட் வினை எனப்படும். தோசை முறுகும்போது எழும் மணத்துக்கும் இதுவே காரணம். ஓக் மரத்திலிருந்து விஸ்கியில் இறங்கும் வனிலின், சாக்லேட்டில் சேர்க்கப்படும் வனிலாவின் முதன்மை மணப்பொருளே ஆகும்.

நாவில் நிகழ்வது

கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகை செல்சியசில் உருகி நாவில் படிந்து, மதுவின் எரிச்சலைத் தணிக்கிறது. மதுவோ கொழுப்பில் தங்கிய மணப்பொருட்களைக் கரைத்து வெளிப்படுத்துகிறது. மென்மையான விஸ்கிக்குப் பால் சாக்லேட்டும், ஷெர்ரி பீப்பாயில் முதிர்ந்ததற்கு 70% கொக்கோ உள்ள கருப்புச் சாக்லேட்டும் பொருந்தும் என்பர். சேலம், நாமக்கல் சமவெளியின் கோடையில் சாக்லேட் கையிலேயே இளகிவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் தின்றாலோ மணம் மங்கும்.

இந்திய விஸ்கி

பெங்களூரின் அம்ருத் நிறுவனம் 2004-இல் தன் மால்ட் விஸ்கியைக் கிளாஸ்கோ நகரில் அறிமுகப்படுத்தியது. ஆனால் இந்தியாவில் விற்கும் மலிவு விஸ்கிகள் பலவும் கரும்பாலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயம் கலந்தவை. அத்தகையவற்றை விஸ்கி என்ற பெயரில் விற்க ஐரோப்பிய ஒன்றியம் இசைவதில்லை. மேற்சொன்ன மால்ட் மணப் பொருத்தங்களை இவற்றில் எதிர்பார்க்க இயலாது.

சேலமும் மதுவும்

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் 1937 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. சேலத்தில் வழக்கறிஞராக இருந்த இராஜாஜி அப்போது மாகாணப் பிரதமர். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அன்று சேலத்துக்குள் அடங்கியிருந்தன. மதுவால் கிடைத்த வருவாய் குறைந்ததை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. தமிழ்நாட்டில் 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் நடத்துகிறது. 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்பது குற்றம்.

சாக்லேட்டோடு அருந்தினால் மது தீங்கு செய்யாது என்பது தவறான எண்ணம். வயிற்றில் உணவு இருந்தால் மது இரத்தத்தில் கலப்பது தாமதப்படும், ஆனால் தடைபடாது. உடல்நலத்துக்குத் தீங்கற்ற மது அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது.

மதுவின்றிச் செய்து பார்த்தல்

மாணவர்கள் இதே அறிவியலை ஏற்காட்டுக் காப்பியைக் கொண்டு சோதிக்கலாம். காப்பிக்கொட்டையும் வறுக்கப்படுவதால் மெயிலார்ட் வினை அதிலும் நிகழ்கிறது. சர்க்கரையில்லாத கடுங்காப்பியை முதலில் ஒரு மிடறு பருகவும். பின் ஒரு துண்டுக் கருப்புச் சாக்லேட்டை வாயில் உருகவிட்டு, மீண்டும் ஒரு மிடறு பருகவும். இரண்டாம் மிடற்றில் கசப்பு எவ்வளவு மாறியுள்ளது என்று குறித்துக்கொள்ளவும். பால் சாக்லேட்டைக் கொண்டும் இதையே செய்து ஒப்பிட்டால், கொழுப்பும் சர்க்கரையும் சுவையை மாற்றும் விதம் விளங்கும்.