22,000 ரூபாய் சம்பளம்... வீட்ல ஒருத்தருக்கு கேன்சர்னா பில் கட்டப்போவது யார்?

மதுரையில் மாசம் 22,000 ரூபாய் சம்பளம் வாங்குற ஒருத்தரோட அம்மாவுக்குப் புற்றுநோய்னு ரிப்போர்ட் வந்திருக்குன்னு வெச்சுக்குவோம். சிகிச்சைக்கு யார் பணம் கொடுப்பாங்க?

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கேன்னு பலரும் சொல்வார்கள். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கவர். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். ஆனால், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கணும். அதாவது, மாசம் 10,000. வீட்டில் ஒருத்தர் ரெகுலராக வேலைக்குப் போனாலே தாண்டிவிடுகிற கோடு இது.

சரி, இ.எஸ்.ஐ.? அதற்கான சம்பள வரம்பு 21,000 ரூபாய். 2017 ஜனவரியில் வைத்தது. 20,500-ல் இருந்தவருக்கு 1,500 ரூபாய் இன்க்ரிமென்ட் வந்தால், வீட்டில் ஸ்வீட் வாங்குவாங்க. அதே இன்க்ரிமென்ட்தான் குடும்பத்தை இ.எஸ்.ஐ.க்கு வெளியே தள்ளுது! (உடனே இல்லை, நடப்பு 6 மாத பங்களிப்புக் காலம் முடிந்ததும்.) போவது சின்ன விஷயமல்ல. 2 வருஷம் இ.எஸ்.ஐ.யில் இருந்த ஊழியருக்கே புற்றுநோய் வந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு 80 சதவீத ஊதியம் 2 ஆண்டுகள் வரை கிடைக்கும்.

இரண்டிலும் சேராதவர்களுக்கு மிச்சமிருப்பது அரசு இராசாசி மருத்துவமனையும் பாலரெங்காபுரம் புற்றுநோய் மையமும்தான். பெரிய பில் வராது. ஆனால், செலவு வரும். கதிர்வீச்சு சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள், 5 அல்லது 6 வாரம் ஓடும். பெண்களுக்கு இலவசம் டவுன் பஸ்ஸில் மட்டும்தான். உசிலம்பட்டியிலிருந்து மஃப்சல் பஸ் பிடித்தால் டிக்கெட் எடுக்கணும். கூட வர்றவருக்கு தினமும் லீவு அல்லது கூலி நஷ்டம். ஆஸ்பத்திரி பில்லை மட்டும் கட்டுகிற பாலிசிகள் இந்தக் கணக்கைத் தொடுவதே இல்லை.

சென்னைக்குப் போகணும்னா ரயிலில் சலுகை உண்டு. மருத்துவமனைச் சான்றிதழ் காட்டினால் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசியில் நோயாளிக்கு முழுக் கட்டணத் தள்ளுபடி, துணைக்கு 75 சதவீதம்.

இப்போ தனியார் பாலிசி எடுத்தால்? 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. ஆனால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருப்புக் காலம் உண்டு. அதனால், ஆபீஸ் குரூப் இன்ஷூரன்ஸில் அம்மா, அப்பா பேர் இருக்கான்னு ஹெச்.ஆர்.கிட்ட இந்த வாரமே கேட்டுடுங்க. முதல்வர் காப்பீடு பற்றிய சந்தேகங்களுக்கு இலவச எண்: 1800 425 3993.